ஒருத்தரையும் விடாத நன்றியுரை

எந்தக் கூட்டத்திலும் நன்றியுரை கடைசியில்தான் வரும். மேடையில் ஒருவர் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார், கீழே உள்ளவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் மைக்கைப் பிடித்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். பேச்சு அவ்வளவு இனிமை என்று நினைத்துவிடாதீர்கள். குரல் கரகரக்கும், வாக்கியம் முடிய வேண்டிய இடத்தில் முடியாது. தங்களைப் பற்றி அவர் எப்போது சொல்லப்போகிறார் என்று ஆளாளுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆரம்பம் தற்செயலானது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கக் கூட்டம் ஒன்றில் நன்றி சொல்ல வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்தில் சும்மா நின்றிருந்த கண்டக்டரைப் பிடித்து மேடையில் தள்ளிவிட்டார்கள். கையில் குறிப்பு இல்லை, தலைவர்களின் பட்டங்களும் பதவிகளும் வாயில் நுழையவில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்தார். நாற்காலிகளைத் தலையில் சுமந்து வந்தவருக்கு, ஒயர் இழுத்தவருக்கு, தண்ணீர் நிரப்பியவருக்கு. காலையிலேயே வந்து மண்டபத்தைப் பெருக்கிவிட்டு, கூட்டம் எப்படித்தான் நடக்கிறது பார்ப்போம் என்று கடைசிக் கதவோரம் நின்ற பெண்ணுக்கும் சொன்னார். அந்தப் பெண் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தன்னைத்தான் என்று தெரிந்ததும் அங்கேயே அழுதுவிட்டார். அன்றிலிருந்து கண்டக்டருக்கு 'நன்றியுரை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அதை அவர் ஒரு தொழில் மாதிரியே செய்தார். கூட்டம் முடிகிற நேரத்தில் ஆள் காணாமல் போய்விடுவார். மேடைக்குப் பின்னால், சமையல் கட்டில், மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் எங்காவது நின்று, "இதை யாருங்க செஞ்சது? நீங்களா? அப்ப அது?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். எல்லாம் மனக்கணக்குதான். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு பஸ் கூட்டத்தையே தலைக்குள் வைத்திருந்தவருக்கு இது பெரிய காரியமா? "ஒருத்தரை விட்டாலும் அவங்களைக் கூப்பிட்டு வச்சுத் திட்டின மாதிரி" என்பார்.

பஸ்ஸிலும் இதே கதைதான். சரியான சில்லறை கொடுத்தவருக்கு நன்றி, உள்ளே நகர்ந்து நின்றவருக்கு நன்றி, வண்டி நிலையத்தில் நின்றதும் டிரைவருக்குத் தனியாக ஒரு நன்றி. டிரைவர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "யோவ், நான் சம்பளத்துக்குத்தான்யா ஓட்டுறேன்" என்றார். "சம்பளம் ஆபீஸ் குடுக்குது. நன்றி நான் குடுக்கறேன். ரெண்டையும் வாங்கிக்கோ" என்றார் கண்டக்டர்.

அவர் மனைவிக்கு வீட்டின் முன்னறையில் இஸ்திரிக் கடை. ஒரு மேசை, ஒரு பெட்டி, சுவரை மறைக்கும் அளவுக்குச் சட்டைகள். கணவர் பஸ்ஸில் நின்றுகொண்டு சம்பாதித்தார், மனைவி மேசை முன்னால் நின்றுகொண்டு சம்பாதித்தார். துணியைத் தேய்த்துத் தேய்த்து முட்டியும் தேய்ந்துவிட்டது என்று அந்த அம்மாள் தானே கிண்டல் செய்துகொள்வார். கண்டக்டர் ஓய்வு பெறும் காலத்தில் அந்தக் கிண்டல் நின்றுவிட்டது. இரண்டு முட்டிகளும் வீங்கி, சுவரைப் பிடிக்காமல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார்.

ஓய்வு பெற்ற கையோடு நகராட்சித் தேர்தல் வந்தது. சங்கத்துக்காரர்கள் பிடிவாதமாக அவரை வார்டில் சுயேச்சையாக நிறுத்திவிட்டார்கள். எதிரே இரண்டு பெரிய கட்சிகள். ஒரு கட்சி வீட்டுக்கு வீடு சுவர்க் கடிகாரம் கொடுத்தது, இன்னொன்று குடை கொடுத்தது. கண்டக்டரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய், இத்தனை வருஷம் என் பஸ்ஸில் வந்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு வந்தார். மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்ட ஜனங்கள், கடிகாரத்தை மாட்டிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு போய் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். ஓடிவந்து ஏறும்போது விசிலடித்து வண்டியை நிறுத்திய மனிதரை யாருக்குத்தான் மறக்கும்?

வெற்றிக் கூட்டத்தில் அவர் செய்த காரியம்தான் வேடிக்கை. "என்னை எதிர்த்து நின்னவங்களுக்கும் நன்றி. அவங்க புண்ணியத்துல நம்ம வார்டுல இப்ப எல்லார் வீட்டுலயும் கடிகாரம் ஓடுது, மழைக்கும் யாரும் நனைய வேண்டியதில்லை" என்று மைக்கில் மனமாரச் சொன்னார். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கட்சிக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குக் கடிக்கிறார்கள் என்று கண்டக்டருக்கு விளங்கவே இல்லை. அவர் குத்தலாகப் பேசத் தெரிந்தவர் அல்ல, உண்மையிலேயே நன்றிதான் சொன்னார்.

நகர்மன்றத்துக்குப் போன பிறகுதான் 'சிரிச்ச முகம்' அறிமுகமானார். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய நிறுவனம் வணிக வளாகம் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி அவர். நாற்பது வயதுக்காரர், எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதனால்தான் அந்தப் பெயர். உறுப்பினர்கள் வீட்டுக்கெல்லாம் சாவகாசமாக வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். வளாகத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

கண்டக்டர் வீட்டுக்கும் வந்தார். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு டீ எடுத்து வந்தபோது எழுந்து ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்கம்மா. எத்தனை நாளா இப்படி?"

"நாளா? அதெல்லாம் கணக்கு விட்டாச்சு தம்பி. கால் இருக்குன்னு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கு, அவ்வளவுதான்."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கனவு மாதிரி. நிறுவனத்தின் அறக்கட்டளை ஒன்று இருந்தது. தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரி, பேர்போன எலும்பு டாக்டர், போக வரக் கார். டிரைவர் அந்த அம்மாளைக் குழந்தை மாதிரித் தாங்கித் தூக்கி உட்கார வைத்தார். இடது முட்டிக்கு ஆபரேஷன் ஆனது. புண் ஆறி, அந்தக் காலை ஊன்றி வாசற்படி இறங்கிய அன்று கண்டக்டர் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கக் கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"வலதையும் செஞ்சுடலாம்யா" என்றார் சிரிச்ச முகம். "இடது நல்லா செட் ஆகட்டும். அந்த மன்றக் கூட்டம் ஒண்ணு இருக்குல்ல, அது முடிஞ்சதும் தேதி வாங்கிடறேன்."

எந்த மன்றக் கூட்டம் என்று கண்டக்டர் கேட்கவில்லை. மனைவிதான் உள்ளே போகும்போது ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தார்.

மனைவியின் இடது கால் சரியானதிலிருந்து மன்றத்தில் கண்டக்டருக்கு மரியாதை கூடிவிட்டது. அதுவரை அவரைக் கண்டால் பேச்சை நிறுத்திய உறுப்பினர்கள் இப்போது தோளில் கை போட்டு டீக்குக் கூப்பிட்டார்கள். "உங்களுக்கும் செஞ்சுட்டாரா? நம்ம பையனுக்கும் அவர்தான் வேலை போட்டுக் குடுத்தார்" என்றார் ஒருவர். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் இலவசமாகக் கிடைத்ததை இன்னொருவர் சொன்னார். மன்றத் தலைவர் வீட்டுக்கு ஏசி, எதிர்க்கட்சித் தலைவர் மச்சானுக்கு ஜல்லி சப்ளை, கோடை விடுமுறையில் எல்லாரும் குடும்பத்தோடு கடற்கரை விடுதிக்குப் போய்வந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டு நல்ல சேதியைச் சொல்வது மாதிரிதான் சொன்னார்கள். கண்டக்டருக்குக் கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. ஒரே மனிதர் இத்தனை பேருக்கு இத்தனை செய்ய முடியுமா!

ஒரு குறைதான் அவரை அரித்தது. தலைவரிடமே கேட்டுவிட்டார்.

"தலைவரே, இவ்வளவு செஞ்ச மனுஷனுக்கு நாம ஒரு பாராட்டுக் கூட்டம் கூடப் போடலையே?"

தலைவருக்கு டீ புரையேறிவிட்டது. "வேணாம், வேணாம். அவர் விளம்பரத்தை விரும்பாதவர்" என்றார் இருமிக்கொண்டே.

சிரிச்ச முகம் சொன்ன அந்த மன்றக் கூட்டம் எது என்பது மாதக் கடைசியில் தெரிந்தது. பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே, அந்த வணிக வளாகத்தின் வாசலுக்கே கொண்டுபோவது என்று ஒரு தீர்மானம். இப்போதிருக்கும் பஸ் நிலையம் அரசு ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரில். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், காலை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி கேட். நிலையம் வெளியே போய்விட்டால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். வளாகத்துக்கோ நாள் முழுக்கக் கூட்டம் தானாக வந்து இறங்கும்.

கண்டக்டர் வாழ்நாள் முழுக்க "ஆஸ்பத்திரி இறங்கறவங்க முன்னால வாங்க" என்று குரல் கொடுத்த இடம் அது. எதிர்த்துக் கை தூக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கை தூக்குவது யாருக்கு எதிராக? கணக்குப் பார்க்காமல் தன் மனைவியை நடக்க வைத்த மனிதருக்கு எதிராக. நன்றி கெட்டவன் என்று பிறர் சொல்வதைக்கூடத் தாங்கிக்கொள்வார். தனக்கே அப்படித் தோன்றிவிட்டால்? அதோடு, வலது முட்டி இன்னும் பாக்கி இருந்தது.

கூட்டத்தன்று காலையில் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னங்க, யார் வீட்டுலயோ எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"அந்தத் தம்பிக்கு எதிரா நான் எப்படிக் கை தூக்குவேன் சொல்லு. உன் காலைப் பாக்கும்போதெல்லாம் அவர் மூஞ்சிதான் தெரியுது."

"தெரியட்டுமே. எனக்கும்தான் தெரியுது. நல்லா இருக்கட்டும் அந்தப் புள்ளை."

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"நன்றி சொல்லணும்னா சொல்லுங்க. அதுக்குத்தான் வாய் இருக்கே, ஊரே கேக்குற வாய். கையை ஏங்க குடுக்குறீங்க? வாய் உங்களோடது. அந்தக் கை வார்டு ஜனங்களோடது. அதை நாம எடுத்துக் குடுக்க முடியாது."

கண்டக்டர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாக, "உன் வலது கால்?" என்றார்.

"அது என் கால். நான் பாத்துக்கறேன். நீங்க சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

இந்த ஒரு பதிலுக்கு அந்த அம்மாளுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று நாங்கள் இன்றும் பேசிக்கொள்வோம். படித்தவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுகிற விஷயம் இது. அவர் கையில் இருந்தது ஒரு பாதி மடித்த சட்டை. கண்டக்டருக்குப் பெரிய சுமை இறங்கிய மாதிரி இருந்தது. சரி, முதலில் வாயாரச் சொல்லிவிடுவது, அப்புறம் ஆதரவு கேட்கும்போது கையைக் கீழே வைத்துக்கொள்வது. முடிவு செய்துகொண்டு சட்டையை மாட்டினார்.

மன்ற அறையில் அன்று எள் விழ இடமில்லை. பஸ் நிலைய விவகாரம் என்பதால் பார்வையாளர் பகுதியில் ஜனங்கள் நிரம்பி வாசல் வரை நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிச்ச முகம் முதல் வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்தார். தீர்மானத்தை வாசித்து முடித்ததும் கண்டக்டர் எழுந்தார்.

"தலைவரே, ஓட்டுக்கு விடறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு நான் நன்றி சொல்லணும். கொஞ்சம் நேரம் குடுக்கணும்."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "தாராளமா! நிதானமா சொல்லுங்க, அவசரமே இல்லை" என்றார். பின்னால் அவர் வாழ்க்கையில் அதிகம் வருந்திய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

கண்டக்டர் சொன்னார். மனைவியின் கால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரி, யார் ஏற்பாடு. முதல் வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். ஜனங்களும் உருகித்தான் போனார்கள். சிரிச்ச முகம் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் கதை வேறு. ஆனால் வாழ்நாளில் ஒரு நன்றியுரையிலும் அவர் ஒருத்தரையும் விட்டதில்லையே! தனக்குக் கிடைத்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், மற்றவர்களுக்குச் செய்ததெல்லாம் செய்யாதது போல் ஆகிவிடாதா? அது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம் என்று அவருக்குப் பட்டது.

"எனக்கு மட்டும் செஞ்ச மாதிரி பேசினா அது தப்பு" என்று தொடர்ந்தார். "நம்ம மார்க்கெட் வார்டு உறுப்பினர் பையனுக்கு வேலை குடுத்திருக்கார். அவர் சார்பா நன்றி. பள்ளிக்கூட வார்டு அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் குடுத்திருக்கார், அதுக்கும் நன்றி. போன கோடையில உறுப்பினர்கள் எல்லாரையும் குடும்பத்தோட கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். நான் போகலை, வீட்டுல கால் முடியலை. போனவங்க எல்லார் சார்பாவும் நான் சொல்லிக்கறேன். இதுல பாருங்க, ஆளுங்கட்சி எதிர்க்கட்சின்னு ஒரு பேதம் கிடையாது! எதிர்க்கட்சித் தலைவர் மச்சானுக்கு ஜல்லி சப்ளை குடுத்திருக்கார். நம்ம தலைவர் வீட்டுக்கு ஏசி..."

அங்கே வந்தபோதுதான் அறையில் ஒரு சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தார். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர்கள் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் முகத்தைத் துடைத்த கைக்குட்டையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். கண்டக்டருக்குத் திக்கென்றது. டீக்கடையில் தனித்தனியாகக் கேட்டபோது உதவியாகத் தெரிந்ததெல்லாம், வரிசையாகச் சொன்னபோது வேறு ஏதோவாகத் தெரிந்தது. தன் மனைவியின் காலும் அந்த வரிசையில்தான் நின்றது.

உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. இன்னும் ஒருவர் பாக்கி இருந்தார்.

"காரை ஓட்டி வந்த டிரைவருக்கும் நன்றி" என்று முடித்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "என் வீட்டுக்காரியைத் தூக்கி உக்கார வச்சவர். இத்தனைக்கும் நன்றி. ஆனா ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க அந்த வாசல்லயே இறங்கட்டும். பஸ் நிலையத்தை மாத்த நான் கை தூக்க மாட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க தம்பி."

தலைவர் வேறு வழியில்லாமல், "தீர்மானத்தை ஆதரிப்பவர்கள்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஒரு கையும் எழவில்லை. யார் கை தூக்கினாலும் அந்தக் கையின் கதையைத்தான் ஊரே இப்போது கேட்டுவிட்டதே! நன்றியுரை முழுவதும் தூங்கிக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் 'ஆதரிப்பவர்கள்' என்ற சொல் காதில் விழுந்ததும் பழக்க தோஷத்தில் விழித்துக் கை தூக்கினார். பக்கத்திலிருந்தவர் பதறிப்போய் அதைப் பிடித்துக் கீழே இழுத்தார். பார்வையாளர் பகுதி வெடித்துச் சிரித்தது. தீர்மானம் அத்தோடு படுத்துவிட்டது.

ஒரு வாரம் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. விசாரணை என்றார்கள், பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. உலகம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் எங்களுக்கே காது குத்துகிற மாதிரி இருக்கும். வளாகம் திறக்கத்தான் செய்தார்கள், வியாபாரமும் நடக்கத்தான் செய்கிறது. உறுப்பினர்கள் கண்டக்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "திட்டிக் கவுத்தவனைப் பாத்திருக்கேன், நன்றி சொல்லிக் கவுத்தவனை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் எதிர்க்கட்சித் தலைவர். ஆனால் பஸ் நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்காக நாங்கள் அந்தத் தம்பதிக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விலையைக் கொடுத்தது அந்த அம்மாள். அறக்கட்டளைக்கு ஃபோன் செய்தபோது, பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அடுத்த முறை எடுக்கவே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வெயிலும் ஒரு மழையும் போயின. வலது முட்டி நாளுக்கு நாள் மோசமாகி, இஸ்திரி மேசை முன் முக்காலி போட்டு உட்கார வேண்டியதாயிற்று. ராத்திரி வலியில் முனகும்போது கண்டக்டர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "என்னாலதானே" என்று ஆரம்பித்தால் அந்த அம்மாள், "ஆமா, உங்களாலதான். போய்த் தண்ணி கொண்டாங்க" என்பார். அவருக்கு அந்த அதட்டலே பெரிய ஆறுதல்.

ஒரு வழியாக முறை வந்தது. பஸ்ஸில் வந்து இறங்கி, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி, அந்த கேட்டுக்குள் போனார் அந்த அம்மாள். ஆபரேஷன் நன்றாக நடந்தது. கண்டக்டர் டாக்டரில் ஆரம்பித்து, லிஃப்ட் இயக்குபவர், தரை துடைப்பவர், ரத்தம் எடுத்தவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து நன்றி சொன்னார். கடைசியில் தலைமை நர்ஸ், "ஐயா, உங்க நன்றி போதும், மத்தவங்க தூங்கட்டும்" என்று கும்பிடு போட்டார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், பார்வையாளர் நேரத்தில், வார்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் பழப்பை. இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண் குழந்தை. சட்டை கசங்கியிருந்ததாலோ, முகத்தில் சிரிப்பு இல்லாததாலோ கண்டக்டருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் பதறிப்போய் எழுந்தார்.

"தம்பி! வாங்க, வாங்க. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்களைப் பாப்பேன்? உங்க வேலை..."

"வேற ஊருக்கு மாத்தினாங்கய்யா. அப்புறம் நானே விட்டுட்டேன். இப்ப மாமனார் கடையில இருக்கேன்" என்றார் சிரிச்ச முகம். முக்காலியில் உட்கார்ந்து குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பிறகு பழப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு எனக்குக் கோபம் வந்தது. நிஜமாவே வந்தது. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த வேலையில எத்தனையோ பேருக்கு எவ்வளவோ செஞ்சிருக்கேன். வாங்கினவங்க எல்லாரும் காதுக்குள்ளதான் நன்றி சொன்னாங்க. சில பேர் அடுத்த நாள் ரோட்டுல பாத்தா தெரியாத மாதிரி போவாங்க. நாலு பேர் முன்னாடி எழுந்து நின்னு எனக்கு நன்றி சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

கண்டக்டர் எட்டி அவர் தோளைத் தொட்டார்.

"இவ பேப்பர்ல படிச்சுட்டா" என்று மகளைக் காட்டினார். "'அப்பா, நீ இத்தனை பேருக்கு நல்லது செஞ்சியா?'ன்னு கேட்டா. நான் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. எதைச் சொல்றது? அதான் கூட்டிட்டு வந்தேன்."

கட்டிலில் சாய்ந்திருந்த அந்த அம்மாள் போர்வையை ஒதுக்கினார்.

"என்னங்க, அந்த வாக்கரை இப்படிக் குடுங்க."

"நர்ஸ் வரட்டுமே..."

"நடக்கச் சொல்லித்தானே இருக்காங்க. குடுங்க."

எழுந்து நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். வலது கால் புதிதாக நடை பழகுகிற குழந்தை மாதிரி எங்கோ போயிற்று. இடது கால் ஒவ்வொரு முறையும் அவரைத் தாங்கி நிறுத்தியது. குழந்தை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுல எது எங்க அப்பா செஞ்சது?" என்றது.

அந்த அம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இடது முட்டியில் ஆறிப்போன தழும்பைக் காட்டினார். "இதும்மா. உங்க அப்பா என் கால் வலிக்குதுன்னு பாத்து, என்னை உக்கார வச்சாரு. அது பொய்யில்லை. அதுக்கு என்ன கேட்டாங்களோ, அது தப்பு. அதான் தாத்தா அதைக் குடுக்கலை. ஆனா இந்தக் கால் நிஜம். வலது கால் பழகற வரைக்கும் மொத்த பாரமும் இந்தக் கால் மேலதான்."

சிரிச்ச முகம் எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் பழப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை குனிந்து, ஒற்றை விரலால் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கப்பா" என்றது.